லா பாஸ் தீவுகள்: ஒருநாள் படகா, சிறு கப்பலா?

மெக்சிகோவின் கலிபோர்னியா வளைகுடாத் தீவுகளைப் பார்க்க லா பாஸ் வரை போய்விட்டு, ஒருநாள் படகில் ஏறுவதா, பல நாள் போகும் சிறு கப்பலில் ஏறுவதா என்று குழம்புகிறவர்கள் நிறைய.

செலவு: படகு பல மடங்கு மலிவு. கப்பலில் சாப்பாடு, படுக்கை, வழிகாட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்தே கட்டணம் வாங்குவார்கள்.

உடம்பு: படகில் வெயிலும் தெறிக்கும் உப்புநீரும் உண்டு. வடக்குக் காற்று எழுந்தால் படகு தூக்கிப் போடும், முதுகு பாவம். கப்பலில் நிழல் இருக்கிறது, ஆனால் குமட்டல் அங்கேயும் வரும்.

பார்ப்பது: இங்கேதான் உண்மையான வித்தியாசம். படகு எஸ்பிரிடு சாண்டோ தீவுக்கும், அதன் வடமுனையில் உள்ள லாஸ் இஸ்லோட்டஸ் பாறைகளுக்கும் போகும். அங்கே கடல் சிங்கக் குட்டிகள் நீந்துபவரின் காலில் மாட்டிய துடுப்பைக் கடித்து இழுத்து விளையாடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இனப்பெருக்கக் காலம், அப்போது நீந்த விடமாட்டார்கள்.

கப்பல் இன்னும் வடக்கே சாண்டா கத்தலினா தீவு வரை போகும். ஆளை விட உயரமான பீப்பாய்க் கள்ளிகள் அங்கே உண்டு. அப்புறம், வாலை ஆட்டிச் சத்தம் எழுப்பும் கிலுகிலுப்பைப் பாம்பு இனத்தில், கிலுகிலுப்பையே இல்லாத ஒன்று! தோல் உரியும்போதெல்லாம் வால் நுனி வளையமும் கழன்றுவிடுவதால் சத்தமே வராது. கண்ணில் படும் என்று மட்டும் எண்ணிப் போகாதீர்கள்.

குழந்தைகளோடு போனால், அல்லது ஒரு நாள்தான் கையில் இருந்தால், படகே சரி. செடி, பல்லி, பாம்பு என்று பித்துப் பிடித்தவர்கள் பணம் சேர்த்துக் கப்பலில் போங்கள். நீலத் திமிங்கிலமும் வேண்டுமென்றால் பிப்ரவரி, மார்ச்சில்.