ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருளில் மேக் வடிகட்டி: ஒரு மதிப்பீடு

வீட்டு வைஃபையில் எந்தக் கருவி சேரலாம், எது சேரக்கூடாது என்பதை நுணுக்கமாகத் தீர்மானிக்க விரும்புவோர், ரவுட்டருடன் வரும் மென்பொருளுக்குப் பதிலாக ஓப்பன்டபிள்யூஆர்டியை நிறுவிப் பார்க்கலாம். லிங்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரை மையமாக வைத்து 2004இல் தொடங்கிய இந்த இலவச மென்பொருள், இன்று பல நிறுவனங்களின் ரவுட்டர்களில் இயங்குகிறது. எல்லா மாடல்களிலும் இயங்காது என்பதால், ஆதரவுப் பட்டியலைப் பார்க்காமல் ரவுட்டர் வாங்க வேண்டாம்.

ஒவ்வொரு கருவியும் வலையமைப்பில் தன்னை அடையாளம் காட்டப் பயன்படுத்துவது மேக் முகவரி; அதைப் பார்த்துக் கருவிகளைச் சேர்ப்பதோ தடுப்பதோ மேக் வடிகட்டியின் வேலை. இதன் அமைப்பு எளிமையானது. பட்டியலில் உள்ளவற்றை மட்டும் அனுமதிக்கலாம், அல்லது அவற்றை மட்டும் தடுக்கலாம்; ரவுட்டருக்கு ஏற்கனவே தெரிந்த கருவிகளைத் திரையிலேயே காட்டிவிடுவதால், எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த 12 இலக்க முகவரியை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யும் வேலையும் மிச்சம். ஆனால் வைஃபையின் இரு அலைவரிசைகளான 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் பட்டியல் தனித்தனி. ஒன்றில் தடுத்த கருவி மற்றொன்றின் வழியாகத் தாராளமாக உள்ளே வரும்.

இன்றைய கைப்பேசிகள்தாம் இந்த வசதிக்குப் பெரிய சோதனை. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து கைப்பேசிகள் தம் உண்மையான முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு புனைமுகவரியைக் காட்டுகின்றன. ஆகவே இரு அலைவரிசைகளுக்கும் வெவ்வேறு பெயர் வைத்திருக்கும் வீட்டில் ஒரே கைப்பேசி இரண்டு கருவிகளாகத் தெரியும். முகவரியின் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ (A), ஈ (E) ஆகியவற்றுள் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் புனைமுகவரியே. நம் வீட்டு வைஃபைக்கு மட்டும், புனைமுகவரி காட்டும் அமைப்பைக் கைப்பேசியில் அணைத்துவிட்டால் பட்டியல் ஒழுங்காக இருக்கும்.

இதைப் பாதுகாப்பு என்று நம்பிவிடக் கூடாது. மேக் முகவரி மறையாக்கம் இல்லாமலே காற்றில் செல்கிறது. வைஃபையின் புதிய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3 வந்த பின்னும் நிலை அதுவே. அனுமதி பெற்ற ஒரு முகவரியை ஒட்டுக்கேட்டு, அதையே தன் மடிக்கணினிக்குச் சூட்டிக்கொள்ள யாராலும் முடியும். அயலாரை வெளியே நிறுத்துவது நீண்ட கடவுச்சொல்தான். வடிகட்டி, பிள்ளைகளின் டேப்லெட்டையோ பழைய தொலைக்காட்சியையோ விலக்கி வைப்பதற்குப் போதும்.

விருந்தினருக்குத் தனி வலையமைப்பு தருவதே மேலான வழி என்றாலும், இந்த மென்பொருள் அதில் பொறுமையைச் சோதிக்கிறது. கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கல், எந்த வலையமைப்பிலிருந்து எதை அணுகலாம் என்று வரையறுக்கும் ஃபயர்வால் மண்டலம் என ஒவ்வொன்றையும் நாமே அமைக்க வேண்டியிருப்பதால், அதற்காக மட்டும் மாற நினைப்பவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.