வானியல் ஆய்வுப் பட்டம்: பேராதனையா, மான்செஸ்டரா, ஜேர்மனியா?

பௌதிகவியலில் சிறப்புப் பட்டம் பெற்று ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ திரும்பும் நம் பிள்ளைகளில் சிலருக்கு, வானியலில் ஆய்வுப் பட்டம் பெறும் ஆசை இருக்கிறது. அதற்கு மூன்று வழிகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். என் மனம் பேராதனைப் பக்கம்தான் சாய்கிறது, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஆய்வு முதுநிலைப் பட்டம் ஓராண்டுதான். விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளைப் பிடிக்கும் 76 மீற்றர் லவல் வானொலித் தொலைநோக்கி அவர்களுடையது. ஆனால் போன கையோடு ஆய்வைத் தொடங்க வேண்டும். வானியலை அடிப்படையிலிருந்து கற்க நேரம் கிடைக்காது. வெளிநாட்டவருக்கான கட்டணம் பெருந்தொகை. விசாவுக்குக் காட்டும் பணமும் 28 நாட்கள் தொடர்ந்து கணக்கில் இருக்க வேண்டும். புலமைப்பரிசில் இல்லாவிட்டால் தோட்டத்துக் குடும்பம் இதை நினைத்தும் பார்க்க முடியாது.

ஜேர்மனியின் பொன் (Bonn) நகரப் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டத்துக்கு இரண்டு ஆண்டுகள்: முதலாண்டு பாடம், அடுத்த ஆண்டு ஆய்வு. அடிப்படை குறைந்தவர்களுக்கு இதுவே நல்ல ஏற்பாடு. கற்பித்தல் கட்டணம் இல்லை. ஆனாலும் விசாவுக்காக, மாதாமாதம் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் 11,904 யூரோ போட வேண்டும் (2024இல் உயர்த்தப்பட்ட தொகை). 100 மீற்றர் எஃபெல்ஸ்பெர்க் தொலைநோக்கி பக்கத்தில்தான் இருக்கிறது. வானொலி வானியலே வேண்டும் என்பவர்கள் எப்பாடுபட்டாவது இங்கே போகட்டும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதுதத்துவமாணி (M.Phil.). இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் இது 11ஆம் மட்டம், கலாநிதிப் பட்டத்துக்கு ஒரு படி கீழே. தொலைநோக்கி எங்கே என்று கேட்பார்கள். மொரட்டுவையில் ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில், ஜப்பான் வழங்கிய 45 சென்ரிமீற்றர் தொலைநோக்கி 1996 முதல் இருக்கிறது. மலையகத்தின் மழையையும் மூடுபனியையும் சொல்லத் தேவையில்லை.

ஆனால் இன்று தரவு வானத்திலிருந்தே வீட்டுக்கு வருகிறது. 2018இல் ஏவப்பட்ட நாசாவின் டெஸ் (TESS) விண்கலத்தின் அளவீடுகள் யாருக்கும் இலவசம். ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன் ஒன்றை எடுத்து, அதன் ஒளி அளவுகளை நேரத்தோடு வரைந்து பாருங்கள். ஒளி வளைகோடு எனப்படும் அந்தக் கோடு ஒரு முறை ஆழமாகவும் அடுத்த முறை மேலோட்டமாகவும் இறங்கும். ஆழமான இறக்கம் வருவது வெப்பம் மிகுந்த விண்மீன் மறையும்போது. அந்த ஆழ வித்தியாசத்திலிருந்தே இரண்டின் வெப்பநிலை விகிதத்தைக் கணிக்கத் தொடங்கலாம். இதற்கு ஒரு மடிக்கணினியும் பைத்தான் (Python) கணினி மொழியும் போதும். லயத்துப் பிள்ளையும் பொன் மாணவரும் சமமாக நிற்கும் இடம் இது.

பேராதனையின் சிக்கல் மேற்பார்வையாளர்தான். நாட்டில் வானியலாளர்கள் சிலரே. பொருத்தமானவர் அமையாவிட்டால் இரண்டு ஆண்டுகள் நான்காக நீளும்; வேலைக்குப் போன தம்பி தங்கையின் உழைப்பில் அதைத் தாங்குவது கொடுமை. ஆகவே பதிவதற்கு முன் மூன்றைக் கேட்டுவிடுங்கள்: அவருடைய கடைசி மாணவர் எத்தனை ஆண்டில் முடித்தார், வெளிநாட்டில் இணை மேற்பார்வையாளர் கிடைப்பாரா, உதவித்தொகைக்கு வழி உண்டா. பதில் திருப்தியாக இருந்தால் பேராதனையில் முடித்துவிட்டு, கலாநிதிப் படிப்புக்குச் சம்பளத்தோடு வெளிநாடு போகலாம். திருப்தி இல்லையென்றால் பொன்னுக்கு விண்ணப்பியுங்கள். எங்கே எழுதினாலும், நீங்களே வரைந்த ஓர் ஒளி வளைகோட்டைக் கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள்.