வாசலில் ‘சர்வீஸ் நாய் மட்டும்’, உள்ளே கார்ட்டில் பொமரேனியன்: எங்கள் ஏரியா சூப்பர் மார்க்கெட்டுக்கு 2 ஸ்டார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடையில் காய்கறி நன்றாக இருக்கும். நியூ ஜெர்சியில் பார்சிப்பனிக்குக் குடிவந்த நாளிலிருந்து ஒன்பது வருஷமாக வாராவாரம் இங்கேதான் சாமான் வாங்குகிறோம். கொத்தமல்லி வாடியிருக்காது, தயிர் விலை பரவாயில்லை, வண்டி நிறுத்தச் சண்டை போட வேண்டியதில்லை. இதற்கெல்லாம் சேர்த்துத்தான் 2 ஸ்டார். வாசலில் ‘சர்வீஸ் நாய் மட்டும்’ என்று ஒட்டியிருக்கிறார்கள், அதாவது குறைபாடு உள்ளவருக்கு உதவப் பழக்கிய நாய் மட்டும்தான் உள்ளே வரலாம். மீதி 3 ஸ்டார் போனது நாயால். நாய் மேல் பழி போடுவதுகூட தப்பு, நாய் கூட்டிவருகிற ஆளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தைரியம் இல்லாத கடைக்காரர்களால். கடைப் பேரைப் போடவில்லை. பேர் போட்டால் திட்டு வாங்கப்போவது சம்பளத்துக்கு நிற்கிற அந்த மேனேஜர் பையன்தான், மேலே இருக்கிறவர்கள் இல்லை.

கொஞ்சம் பின்கதை சொல்லாமல் விஷயம் புரியாது. என்னோடு ஆபீஸில் வேலை செய்யும் ஒருவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. அவரோடு ஒரு கறுப்பு லாப்ரடார் வரும். அதன் பேரை எங்கள் டீமில் யாருக்கும் ஒரு வருஷம் வரை அவர் சொல்லவே இல்லை. சொன்னால் நீங்கள் கூப்பிடுவீர்கள், கூப்பிட்டால் அது உங்கள் பக்கம் திரும்பும், அது திரும்புகிற நேரத்தில் நான் படியில் உருளுவேன் என்பார். அதனால் இங்கேயும் பேர் கிடையாது.

நாய் வந்தது மாரிஸ்டவுனில் இருக்கும் ‘தி சீயிங் ஐ’ பள்ளியிலிருந்து, எங்கள் வீட்டிலிருந்து கால் மணி நேர டிரைவ். கண் தெரியாதவர்களுக்கு நாய் பழக்கிக் கொடுக்க அமெரிக்காவில் முதலில் தொடங்கிய பள்ளி அதுதான். 1929-இல் நாஷ்வில்லில் ஆரம்பித்து அப்புறம் நியூ ஜெர்சிக்கு வந்தார்கள். பள்ளி தொடங்குவதற்கு முந்தின வருஷம் மாரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையில்லாத இளைஞர் சுவிட்சர்லாந்தில் பழகிய ‘பட்டி’ என்ற ஜெர்மன் ஷெப்பர்டோடு திரும்பி வந்து, நியூயார்க்கில் பத்திரிகைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க வண்டி நெரிசலில் ரோட்டைக் கடந்து காட்டினாராம். இன்றைக்கும் மாரிஸ்டவுன் கடைத்தெருவில் நடந்தால் ஹார்னஸ் (ஆள் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வைத்த உடல்பட்டை) மாட்டிய நாயோடு பயிற்சியாளர்கள் போவதைப் பார்க்கலாம், ஊர்க்காரர்கள் தடவாமல் ஒதுங்கி வழி விடுவார்கள்.

நாய்தான் அவரை எல்லா இடத்துக்கும் கூட்டிப்போகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லையாம். எங்கே போக வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பது அவர் தலையில் இருக்கிறது. வழியில் இருக்கிற தூண், பள்ளம், படி, கால்வாசி திறந்த கதவு, இதையெல்லாம் கவனிப்பதுதான் நாயின் வேலை. ரோட்டைக் கடக்கலாமா என்று வண்டிச் சத்தத்தை வைத்து அவர்தான் முடிவு பண்ணுவார், ஆனால் அவர் ‘போ’ என்று சொன்னாலும் வண்டி வந்தால் நாய் நகராது. சொல்பேச்சுக் கேட்காமல் இருக்கவும் ஒரு பயிற்சி. ஓரிரு நொடி கவனம் சிதறினாலும் இந்த வேலை கெட்டுப்போகும். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது ஒருநாள் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டோம். அம்மாவுக்கு நாய் என்றாலே தெருநாய்தான், கையில் கம்பில்லாமல் பக்கத்தில் போகமாட்டார். அன்றைக்கு அது சாப்பாட்டு மேஜைக்கு அடியில் இரண்டு மணி நேரம் படுத்திருந்தது. அம்மா சோதனை பண்ணுகிறேன் பேர்வழி என்று ஒரு வடைத் துண்டை வேண்டுமென்றே கீழே நழுவவிட்டார். மூக்கு ஒரு தரம் அசைந்தது, முன்னங்காலை இன்னும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான். “நீ சின்ன வயசில ஒரு நாளாவது இப்படி இருந்திருக்கியாடா?” என்றார் அம்மா. நாய்க்குப் பயப்படுவதை அன்றோடு விட்டுவிட்டார், அந்த நாய்க்கு மட்டும்.

சரி, கடைக்கு வருவோம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் சேர்ந்து போனோம். உள்ளே போனதும் சாமான் எடுத்துக் கொடுக்க ஒரு பெண்ணைக் கூட அனுப்பினார்கள், அந்த விஷயத்தில் கடையைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெண் முன்னால் நடக்க, நாய் பின்தொடர, நான் கார்ட்டைத் தள்ளிக்கொண்டு வர, எல்லாம் ஒழுங்காகப் போனது. தக்காளி இருக்கும் பக்கம் திரும்பும்போது எதிரே ஒரு அம்மணி. அவருடைய கார்ட்டில் குழந்தை உட்காரும் இடத்தில் ஒரு வெள்ளைப் பொமரேனியன். அதன் மேல் சிவப்பு வெஸ்ட், அதில் ‘சர்வீஸ் டாக்’ என்று கொட்டை எழுத்து, விலைச்சீட்டு தொங்கின பிளாஸ்டிக் நூல்கூட இன்னும் அறுபடாமல் கழுத்துப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. காலுக்குக் கீழே ஒரு கீரைக் கட்டு.

லாப்ரடாரைப் பார்த்ததுதான் தாமதம், வாள் வாள் என்று குரைத்துக்கொண்டு கார்ட்டிலிருந்து குதித்து நேராக இதன் முகத்துக்கே வந்துவிட்டது. இது திருப்பிக் குரைக்கவில்லை. ஆனால் பயந்து பக்கவாட்டில் விலகியது, ஹார்னஸ் பிடி அவர் கையை இழுக்க, அடுக்கி வைத்திருந்த பீன்ஸ் டின் மேல் தோளோடு போய் மோதினார். பத்துப் பன்னிரண்டு டின் உருண்டது. அடி பெரிதாக இல்லை. ஆனால் எந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாமல், கையை முன்னால் நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றாரே, அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அந்த அம்மணி நாயைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டே, “உங்க நாய் பெருசா இருக்கில்ல, அதான் என் செல்லம் பயந்துடுச்சு” என்று நம்மிடம் குறைப்பட்டார்!

மேனேஜர் வந்தார். இந்த நாயை வெளியே கொண்டுபோகச் சொல்லுங்கள் என்றேன். கையைப் பிசைந்துகொண்டு, “நாங்கள் எதுவும் கேட்கக் கூடாது சார், சட்டம்” என்றார்.

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது, ஏனென்றால் சட்டம் அப்படிச் சொல்லவே இல்லை. 1990-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின்படி கடைக்காரர் இரண்டு கேள்வி தாராளமாகக் கேட்கலாம். உடல் அல்லது மனக் குறைபாட்டுக்காகத் தேவைப்படும் சர்வீஸ் நாயா இது? என்ன வேலை செய்யப் பழக்கியிருக்கிறீர்கள்? இவ்வளவுதான். உங்களுக்கு என்ன வியாதி என்று கேட்கக் கூடாது, சர்டிபிகேட் கேட்கக் கூடாது, செய்துகாட்டச் சொல்லக் கூடாது. வெஸ்ட் போட்டிருக்க வேண்டும் என்று விதி கிடையாது, அரசாங்கப் பதிவும் கிடையாது. அதனால் ஆன்லைனில் பணம் வாங்கிக்கொண்டு ‘பதிவு எண்’ போட்டு அட்டை அனுப்புகிறார்களே, அந்த அட்டைக்குச் சட்டப்படி ஒரு மதிப்பும் இல்லை. நாயைப் பக்கத்தில் வைத்திருந்தால் மனசுக்கு ஆறுதல் என்பது மட்டும் போதாது, ஒரு வேலை செய்யப் பழகியிருக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், அன்றைக்கு அந்த இரண்டு கேள்வியைக்கூடக் கேட்டிருக்க வேண்டியதில்லை. அசல் சர்வீஸ் நாயாகவே இருந்தாலும், அது கட்டுமீறிப்போய் கூட வந்தவர் அடக்கவில்லை என்றால், அல்லது கண்ட இடத்தில் அசிங்கம் பண்ணினால், நாயை வெளியே அனுப்பலாம். ஆளை அனுப்பக் கூடாது, அவர் நாய் இல்லாமல் வந்து சாமான் வாங்கிக்கொள்ள வழி விட வேண்டும். கார்ட் விஷயமும் அப்படித்தான். நாய் தரையில் நடக்க வேண்டும், இல்லையென்றால் ஆள் தூக்கிக்கொள்ள வேண்டும், பொதுவாகக் கார்ட்டில் உட்காரவைக்க இடம் கொடுக்க வேண்டிய கட்டாயம் கடைக்கு இல்லை. கீரைக் கட்டின் மேல் நாய் நின்றதைப் பார்த்துக்கொண்டே சட்டத்தின் மேல் பழி போட்டால் எப்படி?

இதையெல்லாம் எழுதுகிற நான் ஒன்றும் யோக்கியன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷம் முன்னால் இதே கடையில் ஒரு பெண் மார்போடு கட்டிய பையில் சின்னப் பூடில் ஒன்றை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார். வெஸ்ட் இல்லை, ஒன்றும் இல்லை. நான் மனைவியிடம் தமிழில் கிண்டலாக ஏதோ சொல்லிச் சிரித்தேன். மொழி புரியாவிட்டாலும் முகம் புரியுமில்லையா? அவர் திரும்பி, “ரத்தத்தில் சர்க்கரை இறங்கினால் இது என் மூச்சை மோந்து முன்னாடியே சொல்லும், அதனால்தான் முகத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்” என்றார், கோபமே இல்லாமல். எத்தனை பேரிடம் அதைச் சொல்லிச் சலித்திருப்பாரோ. வலிப்பு, சர்க்கரை, போருக்குப் போய்வந்தவர்களின் மனக்காயம், இதெல்லாம் வெளியே தெரியாத குறைபாடு. பெரிய நாய் அசல், சின்ன நாய் போலி என்று கணக்குப் போடாதீர்கள். வரிசையில் நிற்கிற நானும் நீங்களும் முறைத்துப் பார்ப்பதைவிடக் கடைக்காரர் வாசலில் மரியாதையாக இரண்டு கேள்வி கேட்பது எவ்வளவோ மேல்.

இதோடு எங்கள் ஏரியாவில் இருக்கும் இந்திய மளிகைக் கடையை ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும், அங்கே கதை தலைகீழ். முதல் தடவை அவரை அங்கே கூட்டிப்போனபோது வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கடைக்காரர் குஜராத்திக்காரர், நாங்கள் அங்கிள் என்றுதான் கூப்பிடுவோம். “சாப்பாட்டுச் சாமான் இருக்கு, ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்தா கடையை மூடிடுவான், நாயை வெளியே கட்டிட்டு வாங்க” என்றார். கண் தெரியாதவரிடம் நாயை வெளியே கட்டிவிட்டு வரச் சொல்வது, மூக்குக்கண்ணாடியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்கிற மாதிரி. சாப்பாட்டுக் கடையில் வளர்ப்புப் பிராணி கூடாது என்ற சுகாதார விதி உண்மைதான், ஆனால் அதிலேயே சர்வீஸ் நாய்க்கு விலக்கு இருக்கிறது. வேலை செய்கிறவர்களில் யாருக்கோ நாய் அலர்ஜி, யாருக்கோ பயம் என்பதும் தடுக்கக் காரணம் ஆகாது. நண்பர் இதைப் பொறுமையாக விளக்கினார், இது அவருக்குப் புதிதில்லை. அங்கிள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சட்டென்று நகர்ந்து வழி விட்டார். போகும்போது ஒரு முறுக்குப் பாக்கெட்டைக் காசில்லாமல் கையில் திணித்தார்.

அதோடு விட்டிருந்தால் நல்ல மனுஷன் என்று முடித்திருப்பேன். அடுத்த தடவை போனபோது கல்லாப் பக்கத்தில், அரிசி மூட்டை விலைப் பலகைக்குக் கீழே, அந்த இரண்டு கேள்வியையும் கையால் எழுதி ஒட்டியிருந்தார். நான் பில் போட நிற்கும்போதே ஒருத்தர் பெரிய ஹஸ்கி நாயோடு உள்ளே வந்தார். அங்கிள் எழுந்து நின்று, ஒட்டின காகிதத்தைப் பார்த்துப் படித்தே கேட்டார். ரொம்ப சாதுவான நாய் என்று பதில் வந்தது. சாதுதான், வேலை என்ன என்றார் அங்கிள். அவர் சிரித்துவிட்டு நாயைக் காரில் இருந்த மனைவியிடம் விட்டுவிட்டு வந்து பருப்பு வாங்கிக்கொண்டு போனார். சண்டை இல்லை, வழக்கு இல்லை. அந்தக் கடைக்கு 4 ஸ்டார். ஐந்தாவது ஸ்டார் வெண்டைக்காய் முற்றலாக இருந்ததால் போனது.

நாய்ப் பிரியர்கள் என்மேல் பாய வேண்டாம். செல்லப்பிராணியை உள்ளே விட்டே தீருவேன் என்று ஒரு ஹார்ட்வேர் கடை முடிவெடுத்தால் அது அவர்கள் இஷ்டம், சில கடைகள் அப்படி விடுகிறார்கள். சாப்பாட்டுக் கடையில், அதுவும் போலி வெஸ்ட் மாட்டிக்கொண்டு வருவதைத்தான் சொல்கிறேன். கலிபோர்னியாவில் செல்ல நாயைச் சர்வீஸ் நாய் என்று தெரிந்தே பொய் சொன்னால் 1000 டாலர் வரை அபராதம், 6 மாதம் வரை ஜெயில்கூட உண்டு. விமானத்தில் இந்தக் கூத்து முற்றி, 2018-இல் நம்ம நுவர்க் ஏர்போர்ட்டுக்கே ஒருவர் ஆறுதலுக்கு என்று மயிலைக் கொண்டுவந்து, விமானத்தில் ஏற்ற மறுத்தார்கள். மயில்! முருகனுக்கே டிக்கெட் கிடைத்திருக்காது. அப்புறம் 2021 ஜனவரியிலிருந்து விதியை மாற்றி, ஆறுதல் பிராணிகளைச் சர்வீஸ் நாய்க்குச் சமமாக ஏற்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சூப்பர் மார்க்கெட் தலைமை அலுவலகத்துக்கு நீளமாக ஒரு மெயில் எழுதினேன். மூன்று நாளில் பதில் வந்தது, வருத்தம் தெரிவித்து, கூடவே 10 டாலர் கூப்பன். நண்பரிடம் சொன்னேன். அவர் நாய் இப்போதெல்லாம் காய்கறிப் பக்கம் திரும்பினாலே நடை தளர்கிறதாம், பள்ளியிலிருந்து பயிற்சியாளர் வந்து இரண்டு நாள் அவரோடு அந்த வழியிலேயே நடந்து பழக்கிவிட்டுப் போனாராம். இப்போது அவர் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குப் போகிறார், அந்த நேரத்தில் கார்ட்டில் நாய் குறைவு.

கூப்பனைத் தூக்கிப் போட மனசு வராமல் போன சனிக்கிழமை போய்ப் பாலும் முட்டையும் வாங்கினேன். வாசல் கண்ணாடியில் ‘சர்வீஸ் நாய் மட்டும்’ ஸ்டிக்கரைப் புதிதாக, பெரிதாக ஒட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே கார்ட் எடுக்கிற இடத்தில் ஒருத்தர் தன் பக் நாய்க்குத் துண்டு விரித்து உட்காரவைத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் பக்கத்தில்தான் நின்றார், என்னைப் பார்த்ததும் முட்டை அடுக்குகிற பக்கம் போய்விட்டார்.