வெளிநாட்டில் எம்.எஸ். படிக்கக் கிளம்புமுன் எந்த லேப்டாப்: கேமிங்கா, மேக்கா, பழைய வொர்க்ஸ்டேஷனா?

"அண்ணே, ஒரு லட்சத்துக்குள்ள நல்ல லேப்டாப் எது?" ஜூன், ஜூலை ஆனால் போதும், குளச்சல், கருங்கல், தக்கலைப் பக்கமிருந்து யாராவது ஒரு பிள்ளை இதைக் கேட்டுவிடும். பெரும்பாலும் ஜெர்மனி, அதுவும் மெக்கானிக்கல் அல்லது சிவில் முடித்தவர்கள், நடுவே ஓரிரு ஆர்க்கிடெக்சர். அவர்கள் கேட்பது விலைக்கு ஒரு மாடல் பெயர். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அங்கே முதல் செமஸ்டரில் எந்த சாஃப்ட்வேர்? பல்கலைக்கழகத் தளத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் விவரக்குறிப்பு இருக்கும், அதைத் திறந்து பார்த்தாலே தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் எந்த லேப்டாப்பை ஒப்பிட்டாலும் வெறும் கலர் ஒப்பீடுதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், "ஹெவி சாஃப்ட்வேர்" என்று கடையில் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டு, எல்லோருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு பெரிதாக உள்ள கேமிங் லேப்டாப்பைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். முப்பரிமாண டிசைன் சாஃப்ட்வேரான சாலிட்வொர்க்ஸில் ஒரு பாகத்தை வரைந்து, ஒரு அளவை மாற்றி, அது மறுபடி உருவாகும் வரை காத்திருக்கிறோமே, அந்த வேலையை பெரும்பாலும் பிராசஸரின் ஒரே ஒரு கோர்தான் செய்கிறது. பதினாறு கோர் இருந்தும் பதினைந்து வேடிக்கைதான் பார்க்கும். அங்கே உதவுவது அந்த ஒரு கோரின் வேகம். அன்சிஸில் ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் (ஒரு பாகம் சுமையைத் தாங்குமா என்ற கணக்கு) ஓட்டினால் கதை வேறு, அங்கே ராம்தான் ராஜா. கிராஃபிக்ஸ் கார்டு திரையில் மாடலைச் சுழற்றிக் காட்டும், அவ்வளவுதான். இந்தத் தீர்வுக் கணக்குகள் டபுள் பிரிசிஷனில், அதாவது இரட்டைத் துல்லியத்தில், நடக்கும். கேமிங் லேப்டாப்பில் வரும் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை கார்டுகளில் அந்தக் கணக்கின் வேகம் சாதாரணக் கணக்கின் வேகத்தில் 64-ல் ஒரு பங்குதான். விளையாட்டுக்குச் செய்த கார்டு அது, குறை சொல்ல முடியாது.

ராம் எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு பழைய தோராயக் கணக்கு உண்டு: அன்சிஸின் நேரடி சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் பகுதி) முழுக்க நினைவகத்துக்குள்ளேயே ஓட, 10 லட்சம் டிகிரி ஆஃப் ஃப்ரீடத்துக்கு (கண்டுபிடிக்க வேண்டிய எண்கள்) சுமார் 10 ஜிபி. இலவசமாகக் கிடைக்கும் மாணவர் பதிப்பில் ஸ்ட்ரக்சுரல் வேலைக்கு உச்சவரம்பு 1,28,000 நோட் (மாடலைப் பிரிக்கும் வலையின் புள்ளி). ஒரு நோட்டுக்கு மூன்று என்று வைத்தால் 3,84,000, அதாவது நான்கு ஜிபி சுற்றுவட்டாரம். விண்டோஸும், குரோமில் திறந்து கிடக்கும் முப்பது டேபும் சேர்த்தாலும் 16 ஜிபியில் சமாளிக்கலாம். பல்கலைக்கழகத்தின் முழு லைசென்ஸ் கைக்கு வந்த பிறகுதான் 16 போதாது. நினைவகம் நிரம்பிவிட்டால் சால்வர் எஸ்எஸ்டியில் எழுதி எழுதிப் படிக்கத் தொடங்கும், பத்து நிமிட வேலைக்கு நீங்கள் சோறு வடித்துச் சாப்பிட்டுவிட்டு வரலாம். ஆகவே மெக்கானிக்கல், சிவில் பிள்ளைகளுக்கு என் கணக்கு: இப்போது 16, பிறகு 32 ஆக்கிக்கொள்ள வழி. இந்த "வழி" இருக்கிறதா இல்லையா என்பதில்தான் போட்டியாளர்கள் பிரிகிறார்கள்.

கேமிங் லேப்டாப்பையே முதலில் எடுப்போம், குறை சொன்ன கையோடு. இதன் பெரிய நன்மை கிராஃபிக்ஸ் கார்டு இல்லை, பலவற்றில் ராமுக்கு இரண்டு ஸ்லாட் இருப்பதும், பிராசஸர் சூடானாலும் வேகம் குறையாமல் ஓடும் அளவுக்குப் பெரிய விசிறிகள் இருப்பதும்தான். மெல்லிய லேப்டாப்பிலும் "ஐ7" என்று ஒட்டியிருக்கும், இதிலும் அதே ஒட்டு. ஆனால் மாடல் எண்ணின் கடைசி எழுத்தைப் பாருங்கள்: யு என்றால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வந்தது, எச் அல்லது எச்எக்ஸ் என்றால் உழைக்க வந்தது. கார்டில் 6 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 4050 ஆனாலும் 8 ஜிபி உள்ள 4060 ஆனாலும் மெக்கானிக்கலுக்குத் தாராளம். அந்த இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை ராமில் போடுங்கள் என்பேன்.

ஒரே 4060-லும் பேதம் உண்டு. லேப்டாப் 4060-ஐ 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் கம்பெனிகள் ஓட்டலாம், பெட்டியில் எண் ஒன்றுதான். கடையில் ஒரு நிமிடம் வாங்கி என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் கார்டின் அதிகபட்ச வாட் அங்கே எழுதியிருக்கும். அப்படியே டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பக்கத்துக்குப் போய் வலது கீழே பாருங்கள்: "ஸ்லாட்ஸ் யூஸ்டு" 2-ல் 1 என்று இருந்தால் நல்லது, இன்னொரு ராம் குச்சி செருக இடம் இருக்கிறது. "ஃபார்ம் ஃபேக்டர்" என்ற இடத்தில் "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் ராமை போர்டிலேயே ஒட்டிவிட்டார்கள், அதைக் கழற்றி மாற்ற வழியே இல்லை. விற்பவர் "அதெல்லாம் அப்புறம் கூட்டிக்கலாம் தம்பி" என்று சொன்னால் இந்தத் திரையை அவருக்கும் காட்டுங்கள். 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறியதால் அந்த இரண்டாவது குச்சி முன்புபோல் சில்லறைச் செலவு இல்லை. 32 ஜிபியோடே வரும் மாடலின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதன் தொல்லைகள்: எடை, சத்தம், பேட்டரி. லேப்டாப் இரண்டரை கிலோ, செங்கல் மாதிரி சார்ஜர் சேர்த்தால் மூன்றைத் தாண்டும். திருவனந்தபுரத்திலிருந்து துபாய், தோஹா, அபுதாபி வழி போனால் கைப்பைக்கு 7 கிலோதான் தருவார்கள், அதில் பாதி இதற்கே போய்விடும். லேப்டாப்பை செக்-இன் பெட்டியில் போட்டு அம்மாவின் ஊறுகாய் பாட்டிலுக்குக் கைப்பையில் இடம் பண்ணலாம் என்ற யோசனை வேண்டாம். லித்தியம் பேட்டரி உள்ள சாமான் கையோடு வருவதுதான் சரி, ஊறுகாயை எப்படியும் கைப்பையில் விடமாட்டார்கள். அங்கே நூலகத்தில் எல்லோரும் மூச்சுவிடும் சத்தம்கூட வராமல் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் விசிறி மட்டும் ஹேர் டிரையர் போல ஊதும். அமைதி மோடில் போட்டுக்கொள்ளலாம், வேகம் குறையும்.

சரி, மேக். ஆப்பிளின் சொந்த சிப் வந்த 2020-க்குப் பிறகு மேக்புக்கைப் பற்றி எனக்குக் குறையே இல்லை: சத்தமில்லை, சூடில்லை, காலையில் கழற்றிய சார்ஜரை இரவில் மாட்டினால் போதும். கணக்கு சாஃப்ட்வேரான மேட்லாப் ஆர்2023பி பதிப்பிலிருந்து அந்த சிப்பிலேயே நேரடியாக ஓடுகிறது. பைத்தான், டேட்டா சயன்ஸ், கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கப் போகிறவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் சாலிட்வொர்க்ஸ், கட்டட டிசைனுக்கான ரெவிட், முப்பரிமாணப் படத்துக்கான 3டிஎஸ் மேக்ஸ் மூன்றும் விண்டோஸில் மட்டுமே. அன்சிஸும் அதே வகை அபாகஸும் விண்டோஸ், லினக்ஸோடு சரி. "பேரலல்ஸ் போட்டு விண்டோஸ் ஓட்டிக்கலாமே" என்பார்கள், மேக்குக்குள்ளேயே விண்டோஸை ஓட்டும் சாஃப்ட்வேர் அது. ஓடும், ஆனால் அது ஆர்ம் (ஆப்பிள் சிப்பின் வகை) சிப்புக்கான விண்டோஸ், அதன் மேல் இந்த சாஃப்ட்வேர்களுக்கு அதிகாரப்பூர்வ ஆதரவு கிடையாது. பழைய இன்டெல் மேக்கில் விண்டோஸை நேரடியாக ஏற்ற இருந்த பூட் கேம்ப் வசதியும் போய்விட்டது. 2024-ல் வந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் விண்டோஸ் லேப்டாப்புகளிலும் ஆர்ம் சிப்தான், இதே பிரச்சினை, விண்டோஸ்தானே என்று நம்பி ஏமாற வேண்டாம்.

ஆர்க்கிடெக்சர் பிள்ளைகளுக்கு மட்டும் இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். நம் ஊரில் ரெவிட், ஆட்டோகேட் என்று பழகியிருப்பார்கள், ஜெர்மனி அலுவலகங்களில் ஆர்க்கிகேடும் வெக்டர்வொர்க்ஸும் நிறையவே புழக்கத்தில் உண்டு. இரண்டுமே மியூனிக்கைச் சேர்ந்த நெமட்செக் குழுமத்தின் கையில் இருப்பவை, இரண்டும் மேக்கில் நன்றாக ஓடும், ரைனோவும் ஸ்கெட்ச்அப்பும் ஓடும். அதனால் போகிற ஸ்டுடியோ எதில் வேலை செய்கிறது என்று சீனியர் யாரையாவது பிடித்துக் கேட்டுவிடுங்கள். ரெவிட் என்று பதில் வந்தால் மேக் பேச்சு அங்கேயே முடிந்தது. லூமியன், என்ஸ்கேப் போன்ற ரெண்டரிங் வேலை நிறைய என்றால் 8 ஜிபி கிராஃபிக்ஸ் உள்ள கேமிங் லேப்டாப்புக்குப் போங்கள். மேலே மெக்கானிக்கல்காரர்களுக்கு வேண்டாம் என்ற அதே 4060-தான் இவர்களுக்கு வேண்டியது, அங்கே படத்தை உருவாக்குவதே அந்த கார்டுதான்.

மூன்றாவது கட்சி, பழைய வொர்க்ஸ்டேஷன், அதாவது கம்பெனிகளில் டிசைன் வேலைக்கென்றே வரும் கனமான லேப்டாப். பெங்களூர், சென்னை கம்பெனிகளில் லீஸ் முடிந்து வெளியே வரும் திங்க்பேட் பி வரிசை, டெல் பிரிசிஷன், எச்பி இசட்புக். புதிதில் இரண்டு லட்சத்துக்கு மேல் விற்றவை இப்போது பாதிக்கும் கீழே கிடைக்கின்றன. சாலிட்வொர்க்ஸ் மாதிரி கம்பெனிகள் சோதித்துச் சான்று கொடுத்த கிராஃபிக்ஸ் கார்டு, சில பெரிய மாடல்களில் ராமுக்கு நான்கு ஸ்லாட், அடித்தாலும் உடையாத உடம்பு. எனக்குத் தனிப்பட்ட முறையில் இவற்றின் கீபோர்டு மேல் ஒரு மோகமே உண்டு. இருந்தாலும் வெளிநாடு போகிறவருக்கு இதை நான் சிபாரிசு செய்வதில்லை. பேட்டரி பாதி செத்திருக்கும், வாரன்டி என்பது விற்றவரின் வாய்வார்த்தை, அந்த வாய் இங்கே இருக்கும், நீங்கள் அங்கே இருப்பீர்கள். வாங்கியே தீருவேன் என்றால் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே தொடாதீர்கள், விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது.

நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதை ஏன் யாரும் யோசிப்பதில்லை என்று தெரியவில்லை. ஐம்பது, அறுபதாயிரத்துக்கு 16 ஜிபி உள்ள ஒன்றரைக் கிலோ சாதாரண லேப்டாப், கனமான வேலைக்குப் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர். ஜெர்மனியில் பல துறைகளில் சிஐபி பூல் என்ற கணினி அறை இருக்கும், லைசென்ஸோடு சாஃப்ட்வேர் ஏற்றிய மெஷின்கள். பல இடங்களில் விபிஎன் வழியாக அறையிலிருந்தே உள்ளே போகலாம். தீசிஸ் சமயத்தில் பேராசிரியர் மூலம் கிளஸ்டரே (பல கம்ப்யூட்டர்களை இணைத்த பெரிய கணினி) கிடைக்கலாம். ஆகன் ஆர்டபிள்யூடிஎச் பல்கலைக்கழகத்தில் கிளைக்ஸ், மியூனிக் பக்கம் கார்ஷிங்கில் எல்ஆர்இசட் கணினி மையம் போல. அங்கே ஓடும் வேலைக்கு முன்னால் உங்கள் கேமிங் லேப்டாப்பும் இந்தச் சாதாரண லேப்டாப்பும் ஒன்றுதான். பரீட்சை நேரத்தில் பூலில் இடம் கிடைக்காது, ராத்திரி அறையில் மாடல் திறக்கத் திணறும் என்ற சங்கடங்கள் உண்டு. பணம் இறுக்கமாக இருந்தால், கல்விக் கடனில் இன்னொரு ஐம்பதாயிரத்தைச் சேர்க்காமல், இதில் தைரியமாகத் தொடங்கலாம். தேவைப்பட்டால் இரண்டாம் வருடம் அங்கேயே பழைய டெஸ்க்டாப் ஒன்று எடுத்துக்கொள்ளலாம்.

"அங்கே போய் வாங்கினால் என்ன?" என்பதும் நியாயமான கேள்வி. அங்கே 19 சதவீத வரி, இங்கே 18, ஏறக்குறைய சமம். அங்கே வாங்கினால் சட்டப்படி இரண்டு வருடம் விற்றவர் பொறுப்பு, இது பெரிய லாபம்தான். ஆனால் விசாவுக்காக முன்கூட்டியே பணம் போடும் பிளாக்டு அக்கவுன்டில் 11,904 யூரோ கட்டியிருந்தாலும் கைக்கு மாதம் 992-தான் வரும். வாடகை, இன்சூரன்ஸ், அறைக்கு முன்பணம் என்று முதல் இரண்டு மாதமே முழி பிதுங்கும். கீபோர்டும் வேறு: ஒய்யும் இசட்டும் இடம் மாறிக் கிடக்கும், புரோகிராமுக்கு வேண்டிய நெளி அடைப்புக்குறியை ஏழிலும் பூஜ்யத்திலும் போய்த் தேட வேண்டும். அதனால் இங்கேயே வாங்குங்கள் என்பேன், ஆனால் வாரன்டி ஜெர்மனியில் செல்லுமா என்பதைக் கம்பெனித் தளத்தில் அந்த மாடல் எண்ணைப் போட்டுப் பார்த்த பிறகு. ஒரே கம்பெனியில்கூட அலுவலக வரிசைக்கு உலக வாரன்டி இருக்கும், கேமிங் வரிசைக்கு இருக்காது.

எப்போது வாங்குவது? விசா கையில் வந்த பிறகு, கிளம்ப நான்கைந்து வாரம் இருக்கும்போது. வாரன்டி பில் போட்ட நாளிலேயே ஓடத் தொடங்கிவிடும் என்பதால் ஆறு மாதம் முன்னால் வாங்கி பீரோவில் வைப்பதில் பிரயோசனமில்லை, கடலோர ஊர்க்காரர்களுக்கு உப்புக்காற்று வேறு. ரொம்பக் கடைசியில் வாங்கினால் திரையில் புள்ளியோ, விசிறியில் கரகரப்போ தெரிந்தாலும் மாற்ற நேரமிருக்காது. குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் என்பதால் நமக்கு ஒரு வசதி: ஆகஸ்ட், செப்டம்பரில் ஓணம் தள்ளுபடி. மார்த்தாண்டத்துக்காரர்கள் எப்படியும் திருவனந்தபுரம் போவார்கள், நாகர்கோவில்காரர்களும் ஒரு நடை போய் அங்கே விலை கேட்டுவிட்டு வந்து இங்கே பேரம் பேசலாம், ஜிஎஸ்டி இரண்டு மாநிலத்திலும் ஒன்றே.

வாங்குகிற இடத்தில் "எல்லா சாஃப்ட்வேரும் ஃப்ரீயா ஏத்தித் தாரோம்" என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு இலவசம், அன்சிஸ் மாணவர் பதிப்பு இலவசம், மற்றவை பல்கலைக்கழகமே தரும். கிராக் போட்ட சாஃப்ட்வேரோடு அங்கத்திய நெட்வொர்க்கில் போய் உட்காருவது வம்பை விலைக்கு வாங்குவது. பில்லின் நகலை மெயிலில் போட்டு வையுங்கள், கஸ்டம்ஸில் யாராவது கேட்டாலும் வாரன்டிக்குப் போனாலும் அதுதான் சாட்சி. சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்கும், ஜெர்மனியிலும் நம்மைப் போல 230 வோல்ட்தான், எனவே கன்வெர்ட்டர் தேவையில்லை. ப்ளக் மட்டும் வேறு. அடாப்டர் ஒன்று கையில் இருந்தால் முதல் வாரம் ஓடிவிடும். அப்புறம் அங்கே ஒரு பவர் கார்டு வாங்கி சார்ஜரில் மாற்றிக்கொள்ளலாம்.