டீமன்ஸ் சோல்ஸ் மறுவெளியீடு: நான்கு வருஷத்துக்கு மேல் விளையாடிய பிறகு

போன ஜூன் விடுமுறையில் அக்கா மகன் என் வீட்டில் ஒரு வாரம் தங்கினான். எல்டன் ரிங் என்ற வீடியோ கேமை இரண்டு முறை முடித்தவன். அவனுக்கு அதன் மூதாதையான டீமன்ஸ் சோல்ஸைப் போட்டுக் கொடுத்தேன். கால் மணி நேரம் கழித்துக் கேட்டான், "மாமா, இதுல குதிரை எப்ப வரும்?" வராதுடா என்றேன். "மேப்?" அதுவும் கிடையாது. "செத்தா எங்கேருந்து ஆரம்பிக்கணும்?" அந்தக் கட்டத்தின் வாசலிலிருந்து. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, மறுபடி விளையாட ஆரம்பித்தான். அன்றைக்கு ராத்திரி 2 மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோதும் ஹாலில் டிவி வெளிச்சம் தெரிந்தது.

இந்தக் கேமைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கன்சோல் கடையில் கிடைக்கவே மாதக்கணக்கில் காத்திருந்த காலம் நினைவிருக்கும், எனக்கு 2021 நடுவில்தான் கிடைத்தது. அதோடு வாங்கிய முதல் டிஸ்க் இது. அன்றிலிருந்து ஆறு கேரக்டரில் முடித்திருக்கிறேன், இடையில் எல்டன் ரிங் வந்து ஒரு வருஷம் என்னை இழுத்துக்கொண்டு போனது, அப்புறம் திரும்பி வந்தேன். திரும்பி வந்தபோதுதான் இந்தப் பழைய கேமுக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்பது எனக்குச் சரியாகத் தெரிந்தது.

முதலில் 2009. அப்போது நான் சிங்கப்பூரில் தேசிய சேவையில் இருந்தேன், சனிக்கிழமை புக் அவுட் ஆகி வெளியே வந்தால் ஞாயிறு ராத்திரிக்குள் முகாமுக்குத் திரும்ப வேண்டும். சிம் லிம் ஸ்குவேரில் ஒரு கடையில்தான் டீமன்ஸ் சோல்ஸை முதலில் பார்த்தேன். ஜப்பானில் பிப்ரவரியில் வந்த கேம், நம் பக்கத்துக்கு வந்த ஆசியப் பதிப்பில் எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. அமெரிக்காவில் சோனி அதை வெளியிடவில்லை, அந்த வருஷம் அக்டோபரில் அட்லஸ் நிறுவனம் எடுத்து வெளியிட்டது. ஒரு வட்டாரத்து டிஸ்க் இன்னொரு வட்டாரத்தில் ஓடாதபடி தடுக்கும் பூட்டு பிஎஸ்3 கேம்களுக்கு இல்லாததால், அதுவரை பொறுக்க முடியாத அமெரிக்க ரசிகர்கள் இந்த ஆசியப் பதிப்பைத்தான் வரவழைத்து விளையாடினார்கள். நாங்கள் எம்ஆர்டி ரயில் பிடித்துப் போய் வாங்கிய அதே டிஸ்க்குக்காக அவர்கள் கப்பல் செலவு கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் ஒரு சந்தோஷம்.

இதைச் செய்த ஃப்ரம்சாஃப்ட்வேர் அப்போது பெரிய பெயர் இல்லை. 1986இல் அலுவலக மென்பொருள் செய்யத் தொடங்கிய கம்பெனி, 1994இல் கிங்ஸ் ஃபீல்ட் என்ற கேமோடு விளையாட்டுப் பக்கம் வந்தது. டீமன்ஸ் சோல்ஸ் உள்ளேயே சரியாகப் போகாமல் தவித்த ஒரு புராஜெக்ட். அங்கே வேலை பார்த்த ஹிடெடாகா மியாசாகி அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எப்படியும் தோற்கப்போகிறது என்று எல்லோரும் நினைத்த வேலை, அதனால் தன் இஷ்டத்துக்குச் செய்யலாம் என்று பட்டதாக அவரே பின்னாளில் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து டார்க் சோல்ஸ், பிளட்போர்ன், செகிரோ, கடைசியில் 2022 பிப்ரவரியில் எல்டன் ரிங். வெளிவந்து மூன்று வாரத்துக்குள் 12 மில்லியன் பிரதிகள் போனதாக அறிவித்தார்கள். அந்த 12 மில்லியன் பேரில் எத்தனையோ பேருக்கு இந்த வேர் தெரியாது, தெரிந்தாலும் பிஎஸ்3 எங்கே தேடுவது? அதன் டிஸ்க் பிஎஸ்5இல் ஓடாது. பழைய கேமின் செர்வர்களையும் 2018 பிப்ரவரி 28ஆம் தேதி மூடிவிட்டார்கள். அன்றோடு பாதிக் கேம் போய்விட்டது, ஏனென்றால் தரையில் மற்றவர்கள் எழுதிவைத்த குறிப்பும், செத்தவர்களின் ரத்தக் கறையைத் தொட்டால் கடைசி நொடிகள் தெரிவதும் இல்லாமல் அந்தக் கேமில் தனியாக நடக்க மனசு வராது. வீடு மாறும்போது நான் என் பிஎஸ்3ஐ ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன், டிஸ்க்கை மட்டும் கொடுக்கவில்லை.

அதனால் 2020 நவம்பரில் பிஎஸ்5 வந்த நாளிலேயே இதுவும் திரும்பி வந்தது எனக்குப் பெரிய விஷயம். செய்தது ஃப்ரம்சாஃப்ட்வேர் இல்லை, டெக்சாஸின் ஆஸ்டினைச் சேர்ந்த புளூபாயிண்ட் நிறுவனம். ஷாடோ ஆஃப் த கொலோசஸையும் 2018இல் இப்படிப் புதுப்பித்தவர்கள்தான். எதிரி நிற்கும் இடம், கதவு திறக்கும் வரிசை, வாள் வீச எடுக்கும் நேரம் எல்லாம் பழையபடியே இருக்கின்றன, கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும்தான் முழுக்கப் புதிது. முதல் நாள் போலிட்டேரியா கோட்டை வாசலில் நின்றதும் என் கை தானாக இடது பக்கம் திரும்பியது, அங்கே மறைந்து நிற்பவனுக்காக. பன்னிரண்டு வருஷம் கழித்தும் அவன் அங்கேயே நின்றான்.

லோடிங் பற்றி ஒரு வரி போதும்: பழையதில் செத்தால் போய்த் தேநீர் கலக்கலாம், இதில் இரண்டு மூன்று நொடிதான். இந்த ஒரு மாற்றத்தாலேயே கேமின் கடுமை பாதி குறைந்த மாதிரி இருக்கிறது. படத்துக்கு இரண்டு மோடு, நான் எப்போதும் நொடிக்கு 60 பிரேம் ஓடுவதைத்தான் வைப்பேன். எதிரியை லாக் செய்துவிட்டு உருளும்போது முன்பு நான்கு திசைதான், இப்போது எல்லாத் திசையிலும் உருளலாம். பை நிறைந்தால் சாமானை நின்ற இடத்திலிருந்தே கிடங்குக்கு அனுப்பலாம். ஆனால் உயிர் ஏற்றும் புல்லுக்கு எடை வந்துவிட்டது, அந்தக் காலத்தில் மாதிரி 99 முழு நிலாப் புல்லைத் தூக்கிக்கொண்டு பாஸ் எனப்படும் பெரிய எதிரியின் முன்னால் மென்றுகொண்டே நிற்க முடியாது. நல்ல மாற்றம் என்றுதான் சொல்வேன்.

லாட்ரியா சிறைக்குத் தனியாக இடம் கொடுத்தாக வேண்டும். தயவுசெய்து ஹெட்போன் போட்டு விளையாடுங்கள். உயரமான கல் கோபுரம், வட்டமாகச் சுற்றும் நடை, இரண்டு பக்கமும் கம்பிக் கதவுகள், நடுவில் அடியே தெரியாத பள்ளம். காவலர்களின் கையில் ஒரு விளக்கும் ஒரு மணியும் இருக்கும். தலை மட்டும் கணவாய் மாதிரி, அக்கா மகன் பார்த்தவுடனே "சோத்தோங்" என்று பெயர் வைத்துவிட்டான். அந்த மணிச் சத்தம்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை. பழையதில் சத்தம் கேட்கும், எங்கிருந்து என்று தெரியாது. பிஎஸ்5இல் அது எனக்கு மேலேயா, பின்னாலா, சுவருக்கு அந்தப் பக்கமா என்று காது பிரித்துச் சொல்கிறது. அப்படித் தெரிந்த பிறகு பயம் கூடுகிறது. ஒருமுறை அறைக்குள் பதுங்கி, மணி வாசலைத் தாண்டி மெல்ல மெல்லத் தேய்ந்து போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கீழே புளோக்கில் யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள், கன்ட்ரோலரைக் கீழே போட்டுவிட்டேன்.

அப்புறம் பாஸ்கள். எல்டன் ரிங்கின் பாஸ்களை நான் மதிக்கிறேன், மலேனியாவிடம் இரண்டு வாரம் அடி வாங்கியிருக்கிறேன். ஆனால் அவர்களில் பெரும்பாலோரை ஜெயிக்கும் வழி ஒன்றுதான்: அசைவை மனப்பாடம் செய், சரியான நேரத்தில் உருள், ஒரு வெட்டு வெட்டு. டீமன்ஸ் சோல்ஸில் ஒவ்வொரு பாஸும் ஒரு தனி யோசனை. டவர் நைட்டிடம் போகுமுன் சுவர் மேலே ஏறி வில்லாளிகளை முடிக்க வேண்டும், அப்புறம் கணுக்காலில் அடித்தால் அந்த மலை அப்படியே மல்லாக்க விழும். ஓல்ட் ஹீரோவுக்குக் கண் தெரியாது, காலடிச் சத்தம் கேட்டு வருவார், நீங்கள் பூனை மாதிரி நடக்க வேண்டும். ஃபூல்ஸ் ஐடலைக் கொன்றாலும் எழுந்து வருவாள், ஏனென்றால் மேல்மாடியில் ஒருவன் அவளுக்காக வேண்டிக்கொண்டிருக்கிறான். ஓல்ட் மாங்க்கிடம் போனால் எதிரில் வருவது உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் நிஜ ஆட்டக்காரர்! ஸ்டார்ம் கிங்குக்கு எதிரே தரையில் ஒரு வாள் கிடக்கும், அதைச் சுழற்றினால் புயலே கிளம்பி வானத்தில் பறப்பதை அறுக்கும். எல்டன் ரிங்கில் ரைகார்டுக்கு முன்னால் கிடக்கும் ஈட்டியை எடுத்தவர்களுக்கு இந்த இடம் வரும்போது சிரிப்பு வரும், அது எங்கிருந்து வந்தது என்று அப்போது புரியும். டிராகன் காட் மட்டும் 2009இலும் சப்பை, இப்போதும் சப்பை.

அஸ்ட்ரேயா பற்றி எத்தனை தடவை சொன்னாலும் எனக்குச் சலிக்காது. அழுக்குப் பள்ளத்தாக்கின் கடைசி, ஊரார் ஒதுக்கித் தள்ளியவர்கள் வந்து சேரும் இடம். அவர்களுக்குத் துணையாக வந்து அங்கேயே தங்கிவிட்ட புனிதவதி அவள். அவளுக்கும் உங்களுக்கும் நடுவில் கார்ல் வின்லாண்ட் என்ற ஒரே ஒரு காவலன். அவள் உங்களை அடிக்க வரமாட்டாள், போய்விடும்படி கேட்பாள். பின்னால் மெல்லிய இசை. கார்லை நீங்கள் கொன்றுவிட்டால் அவள் எதிர்க்காமல் தன் உயிரைத் தானே விட்டுவிடுவாள், ஆன்மா உங்கள் கணக்கில் ஏறும், நீங்கள் ரத்தச் சேற்றில் நின்றுகொண்டிருப்பீர்கள். இருபது வயதில் இதைச் செய்தபோது அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். இந்தமுறை முடித்ததும் கன்ட்ரோலரை வைத்துவிட்டு, மனைவி என்ன ஆச்சு என்று கேட்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். பாஸ் என்றால் சண்டை என்று எல்லோரும் நினைத்திருந்த காலத்தில் ஒருவர் இப்படி ஒரு காட்சியை வைத்திருக்கிறார் என்பதற்காகவே இந்தக் கேம் திரும்பி வந்திருக்க வேண்டும்.

எனக்கு ஒத்துவராததையும் சொல்கிறேன். சில முகங்களை மாற்றியது தேவையில்லாதது. ஃபிளேம்லர்க்கர் என்ற பாஸின் பழைய முகத்தில் ஒரு பயம் இருந்தது, இப்போது முகம் மாறி அந்தப் பயம் குறைந்துவிட்டது. கொழுத்த அதிகாரிகளின் முகத்தில் கொப்புளம் சேர்த்திருக்கிறார்கள். முன்பு சும்மா சிரித்துக்கொண்டே கோடரியோடு வருவார்கள், அந்தச் சிரிப்பே போதுமாக இருந்தது. இசையும் அப்படித்தான். ஷுன்சுகே கிடா கொஞ்சம் கருவிகளை வைத்துக்கொண்டு ஒருமாதிரி கோணலாக அமைத்திருந்தார், இப்போது பெரிய ஆர்கெஸ்ட்ராவும் கோரஸும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வேறு எந்தப் பெரிய கேமுக்கும் இதைப் பொருத்திவிடலாம். பழையதை வேறெங்கும் பொருத்த முடியாது.

தொடாமல் விட்ட விஷயங்களுக்காகப் பாராட்ட வேண்டும். எல்லா உலகங்களுக்கும் கிளம்பும் மையக் கூடமான நெக்சஸில், அந்த உலகங்களுக்கு வழியாக ஆறு கற்கள், ஒன்று உடைந்தது. அது ராட்சதர்களின் வடக்கு நிலத்துக்குப் போகும் வழி, 2009இல் அதைச் செய்து முடிக்காமலே கேம் வெளிவந்தது. மறுஆக்கத்தில் அங்கே ஒரு புது உலகம் வரும் என்று எவ்வளவோ பேர் எதிர்பார்த்தார்கள். வரவில்லை, கல் உடைந்தபடியே இருக்கிறது. அது சரி என்றே நினைக்கிறேன், மியாசாகி எழுதாத அத்தியாயத்தை இன்னொருவர் எழுதியிருந்தால் எனக்கு ஒட்டியிருக்காது. அதேபோல வேர்ல்ட் டெண்டன்சி, அதாவது நீங்கள் செய்வதைப் பொறுத்து ஒவ்வொரு உலகத்தின் குணமும் மாறும் முறை. இந்தக் கேமில் செத்தால் உடலை இழந்து ஆன்மா உருவில் தொடர வேண்டும். உடலோடு இருக்கும்போது செத்தால் அந்த உலகம் கறுக்கும், எதிரிகள் கடுமையாவார்கள். பாஸைக் கொன்றால் வெளுக்கும். கேம் இதை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்காது. அதனால் ஒரு யோசனை: பாஸைக் கொன்று உடல் திரும்பக் கிடைத்ததும் நெக்சஸுக்கு வந்து மேலேயிருந்து குதித்துச் செத்துவிடுங்கள், அங்கே செத்தால் எந்த உலகமும் கறுக்காது. ஆன்மா உருவில் பாதி உயிர்தான், முதல் கட்டத்திலேயே கிடைக்கும் கிளிங் ரிங்கைப் போட்டால் முக்கால்வாசி கிடைக்கும். அதைக் கழற்றவே வேண்டாம்.

எல்டன் ரிங்கிலிருந்து வருபவர்களுக்கு இன்னொன்று: பேச்சிலேயே ஆளை வளைத்துப் பள்ளத்தில் தள்ளும் பேட்சஸ் இங்கேயும் இருக்கிறான், அவனை நம்பாதீர்கள். போலி மன்னன் அல்லான்ட் உங்களைப் பிடித்துவிட்டால் உயிர் குறைவதோடு, உழைத்து ஏற்றிய ஒரு லெவலும் போகும். அக்கா மகன் மூன்று லெவல் இழந்துவிட்டு எழுந்து பால்கனிக்குப் போனான். "மாமா, இது அநியாயம், நான் உழைச்சு ஏத்தினது" என்றான். ஆமாம்டா, அநியாயம்தான், அதனாலதான் அவன் ராஜா என்றேன். திரும்பி வந்து ஏழாவது தடவையில் முடித்தான்.

விலை பற்றிக் கேட்பீர்கள். புதிதாக நூறு வெள்ளிக்குப் பக்கம் கொடுத்தேன், இன்றைக்குப் பழைய டிஸ்க் பாதி விலைக்குக் கீழேயே கிடைக்கிறது. முதல் ஓட்டம் சுமார் 30, 40 மணி நேரம் வரும். திறந்த வெளியில் இஷ்டத்துக்கு அலைவதுதான் எல்டன் ரிங்கில் உங்களுக்குப் பிடித்தது என்றால் அது இங்கே இல்லை, ஸ்டார்ம்வேல் கோட்டைக்குள் சந்து சந்தாகத் தேடித் திரிந்தது பிடித்திருந்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

அவன் ஈசூனுக்குத் திரும்பிப் போகும்போது டிஸ்க்கையும் கொடுத்தனுப்பினேன். போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு குரல் செய்தி. ஃபிளேம்லர்க்கரிடம் உயிர் ஒரு கோடு அளவுக்கு வந்துவிட்டதாம், புல்லும் தீர்ந்துவிட்டதாம். அந்த நேரம் பார்த்து அவன் லாட்ரியா வாசலில் எழுதிவைத்திருந்த குறிப்புக்கு யாரோ ஓட்டுப் போட்டிருக்கிறார்கள், உயிர் ஏறிவிட்டது. "யாருன்னே தெரியல மாமா" என்று மூச்சுவாங்கச் சொன்னான். பின்னால் அக்கா தூங்கச் சொல்லிக் கத்துவது கேட்டது.