லெகோ இவி3 ரோபோ செட் வாங்கலாமா? ஐந்து வருடம் ஓட்டியபின் சொல்கிறேன்

நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "பழைய இவி3 செட் மலிவாக வருகிறது. பையனை ஃபர்ஸ்ட் லெகோ லீக்கில் சேர்க்கப் போகிறேன். வாங்கட்டுமா?" ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்பது பிள்ளைகள் லெகோவில் ரோபோ கட்டி ஓட்டும் போட்டி. போனில் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை.

மோட்டார்களைப் பற்றிக் குறையே சொல்ல மாட்டேன். சக்கரம் சுழன்றதை டிகிரி கணக்கில் சொல்லும். மேஜையிலிருந்து விழுந்தும் ஒன்றுகூட மக்கர் செய்ததில்லை. படுத்துவது, ரோபோ எத்தனை டிகிரி திரும்பியது என்று அளக்கும் கைரோ சென்சார்தான். ரோபோவின் மூளையான பிரிக்கை (கன்ட்ரோலர்) ஆன் செய்யும்போது ரோபோ லேசாக அசைந்தால் போதும், சும்மா நிற்கும்போதே கோணம் 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போகும். கேபிளைப் பிடுங்கி, ரோபோவை அசையாமல் வைத்து, திரும்பச் செருகினால் சரியாகும். அப்படிப் பிடுங்கிப் பிடுங்கியே கேபிளின் கிளிப் உடைந்தது.

இதன் முனை பார்க்க டெலிபோன் கேபிள் மாதிரி இருக்கும். ஆனால் கிளிப் நடுவில் இல்லை, ஓரமாக ஒதுங்கியிருக்கும். கடையில் கிடைக்கும் சாதாரண முனை போர்ட்டில் நுழையாது. எங்கள் குழுவில் ஏழாவது படிக்கும் பெண், அறுந்துபோன வேறொரு கேபிளிலிருந்து நல்ல முனையை வெட்டி எடுத்தாள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று ஆறு இழைகளையும் ஒவ்வொன்றாகச் சால்டர் செய்து ஸ்லீவ் போட்டாள். இரண்டு மணி நேர வேலை. கைரோ உயிர் பெற்றது.

போட்டியன்று சோதனையில் அந்தக் கேபிளைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். விதி அப்படி: எல்லாப் பாகமும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். லெகோ நூலையும் காற்றுக் குழாயையும் மட்டும்தான் வெட்டிச் சுருக்கலாம். சோதித்தவர் மேல் தப்பில்லை. கைரோ இல்லாமல் இரண்டரை நிமிடம் ஓடினோம், திருப்பமெல்லாம் கோணலாகப் போனது. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கன்ட்ரோலர் ஒன்று, மோட்டார் நான்கு என்ற கட்டுப்பாடு எனக்குப் புரிகிறது. அது இல்லாவிட்டால் காசுள்ள குழுதான் ஜெயிக்கும். ஆனால் பழுது பார்த்த கேபிளால் யாருக்கு என்ன கூடுதல் பலம் வரும்? இவி3 வந்தது 2013இல். அது சேர்ந்த மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையையே லெகோ 2022 முடிவோடு நிறுத்திவிட்டது. புதுக் கேபிளுக்கு எங்கே போவது? வேர்ல்ட் ரோபோ ஒலிம்பியாட் என்ற இன்னொரு போட்டியின் ஃபியூச்சர் இன்ஜினியர்ஸ் பிரிவில் ராஸ்பெரி பை, ஆர்டுயினோ என்று எந்தக் கன்ட்ரோலர் போர்டையும் பூட்டலாம். இங்கே அவ்வளவு வேண்டாம், கேபிளுக்கு மட்டும் விதியில் ஒரு விலக்கு கொடுத்தால் போதும்.

இவி3க்குப் பின் லெகோ கொண்டுவந்த ஸ்பைக் பிரைம் செட்டில் கைரோ ஹப்புக்குள்ளேயே (அதன் கன்ட்ரோலர்) இருக்கிறது. ஆனால் கேபிள் மோட்டாரோடு சேர்ந்தே வருகிறது, அறுந்தால் மோட்டாரே போச்சு.

அதனால் நண்பரிடம் சொன்னது: வீட்டில் பழக என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். போட்டிக்கு என்றால் வேண்டாம். எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், காசு கொடுக்கும் முன் ஒவ்வொரு கேபிளின் கிளிப்பையும் நகத்தால் அழுத்திப் பாருங்கள்.