மணிக்கட்டில் ஒரு பேரேடு: உடற்தகுதிக் கைப்பட்டியுடன் மூன்றரை ஆண்டுகள்

நான் திருகோணமலையில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுபவன், வயது 54. 2022 பெப்ரவரியில், குருதியமுக்கம் உயர்ந்திருப்பதாக வைத்தியர் சொன்ன அதே கிழமையில், மகள் எனக்கு நடுத்தர விலையில் ஓர் உடற்தகுதிக் கைப்பட்டியை வாங்கித் தந்தாள். அன்றிலிருந்து, குளிக்கும் நேரமும் மின்னேற்றும் நேரமும் தவிர, ஒரு கைப்பட்டி என் இடது மணிக்கட்டில் இருந்துகொண்டேயிருக்கிறது. இத்தனை காலம் அணிந்த பிறகு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. பெட்டியைத் திறந்த முதற்கிழமையில் எழுதப்படும் மதிப்பீடுகளில் திரையின் தெளிவும் மின்கலம் தாங்கும் நாட்களும் இருந்தன. அந்தக் கருவி தரும் இலக்கங்களை எப்படி வாசிப்பது என்ற, எனக்கு உண்மையில் தேவைப்பட்ட விடயம் எதிலும் இருக்கவில்லை.

முதலில் காலடிக் கணக்கு. என்னுடைய 2022ஆம் ஆண்டு வரைபடத்தை அறியாத ஒருவர் பார்த்தால், மார்ச் வரை நாளொன்றுக்குச் சராசரியாக 4,300 காலடிகள் நடந்தவன், ஜூன், ஜூலை மாதங்களில் 9,000ஐத் தாண்டியதைக் கண்டு, வைத்தியரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நடக்கத் தொடங்கிவிட்டான் என்றே முடிவு செய்வார். உண்மையில் அப்போது மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் கிடைக்கவில்லை. காலையில் யாருடைய வண்டியிலாவது தொற்றிக்கொண்டு நகரத்துக்குப் போய், மாலையில் அலஸ்தோட்டப் பக்கமுள்ள வீட்டுக்கு நடந்தே வந்தேன். ஓகஸ்டில் ஒரு பழைய துவிச்சக்கர வண்டியை வாங்கியதும் கணக்கு 5,000க்கு இறங்கியது. உடம்பு பட்ட பாடு குறையவில்லை, போகவர இரண்டு வழியும் மிதித்தேன். ஆனால் கைப்பட்டிக்குள் இருக்கும் முடுக்கமானி மணிக்கட்டின் வீச்சைத்தான் அளக்கிறது, வண்டியின் பிடியைப் பற்றியிருக்கும் கையில் அந்த வீச்சு இல்லை. ஒரு கையில் குடையும் மறுகையில் பையுமாக நடக்கும் மாரிகால நாட்களிலும் இதே குறைவு ஏற்படும். மாறாக, மனைவி ஒரு நாள் அதை அணிந்துகொண்டு தேங்காய் துருவியபோது, அடுக்களையை விட்டு நகராமலே சில நூறு காலடிகள் ஏறின.

கருவி தொடக்கத்தில் எனக்கு 10,000 என்ற இலக்கை வைத்திருந்தது. அந்த இலக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, அது மருத்துவ ஆய்வில் பிறந்ததல்ல என்பதை அறிந்தேன். 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த ஆண்டில், ஜப்பானில் 'மன்போ-கெய்', அதாவது பத்தாயிரம் அடி அளவி, என்ற பெயரில் ஒரு காலடி எண்ணி விற்பனைக்கு வந்தது. பெயரிலிருந்த எண்ணே உலகமெங்கும் இலக்காகிவிட்டது. 2019இல் ஐ-மின் லீ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் சராசரி வயது 72 ஆன ஏறத்தாழ 16,700 அமெரிக்கப் பெண்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 2,700 அளவில் நடந்தவர்களைவிட 4,400 அளவில் நடந்தவர்களின் இறப்பு வீதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அளவுக்கு மேல் அந்தக் குறைவு கூடவில்லை. நான் அந்த வயதினனும் அல்ல, பெண்ணும் அல்ல. எனவே 7,500ஐயும் அப்படியே எனக்குரிய இலக்காக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் 9,400இல் நின்ற ஒரு நாளைத் தோல்வியாகக் கருதி இரவு பத்து மணிக்கு முற்றத்தில் வட்டமடிக்கும் பழக்கத்தை அன்றோடு விட்டேன். கிழமைக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உழைப்பு என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல், துவிச்சக்கர வண்டியையும் கணக்கில் சேர்க்க இடம் தருவதால், எனக்குக் கூடுதலாகப் பொருந்துகிறது.

இதயத் துடிப்புக்குச் சற்று நீளமாகவே எழுத வேண்டும். கைப்பட்டியின் அடியில் மின்னும் பச்சை ஒளியைக் குருதி நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பின்போதும் தோலுக்கடியில் குருதியின் அளவு கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் குறைந்து கூடுகிறது. அந்த அலையை எண்ணித்தான் துடிப்பு கணிக்கப்படுகிறது. வார் தளர்ந்திருந்தாலும், வியர்வையில் வழுக்கினாலும், கை சீராக ஆடினாலும், கருவி எண்ணுவது குருதியின் அலையையா கையின் ஆட்டத்தையா என்பதே ஐயத்துக்குரியதாகிவிடும். ஞாயிறு மாலைகளில் பிரட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோவில் வரை ஏறுவது என் வழக்கம். தொடக்கத்தில் ஒரு நாள் மான்கள் நிற்கும் சமதளத்திலேயே கருவி 118 காட்டியது. எனக்கு மூச்சு வாங்கவேயில்லை. நின்று, கழுத்தில் விரல் வைத்து 15 விநாடிகள் எண்ணி நான்கால் பெருக்கினேன்: 92. நிமிடத்துக்கு 118 என்பது ஏறத்தாழ நான் நடந்த வேகத்தின் காலடி எண்ணிக்கையே. காசேட்டு மீதியையும் வங்கிக் கூற்றின் மீதியையும் மாதந்தோறும் இணக்கிப் பார்க்கும் தொழிலில் இருப்பவனுக்கு அடுத்துச் செய்ய வேண்டியது தெரியும். இரண்டு மாதங்கள், கிழமைக்கு மூன்று தடவை, விரலால் எண்ணியதையும் கருவி காட்டியதையும் ஒரே பக்கத்தில் எழுதினேன். உட்கார்ந்திருக்கும்போது வேறுபாடு இரண்டு மூன்று துடிப்புக்கு மேல் போகவில்லை; நடையின்போது வாரை மணிக்கட்டு எலும்புக்கு இரு விரல் மேலே இறுக்கி அணிந்தால் ஐந்துக்குள் அடங்கியது; தளர்வாக அணிந்த நாட்களில் இருபதையும் தாண்டியது. ஆகவே ஓய்வுநிலைத் துடிப்பை நம்புகிறேன். நடையின் நடுவில் திடீரென எழும்பும் உச்சங்களை, விரலால் சரிபார்க்காமல் நம்புவதில்லை.

இலக்கம் சரியாக இருந்தாலும் அதன் பொருள் சரியாக விளங்கிவிடுவதில்லை என்பதைக் கற்பித்தது இங்குள்ள கோடைதான். 2022 ஓகஸ்டில், கச்சான் காற்று அனலாக வீசும் மாலையில், அந்த ஏற்றத்தின் முடிவில் 132 இருந்தது. 2023 ஜனவரியில், மழை ஓய்ந்த ஒரு மாலையில், அதே நேர அளவில் ஏறியபோது 117. இரண்டையும் கழுத்தில் எண்ணி உறுதிசெய்திருந்தேன். வெப்பத்தில் உடல் தன்னைக் குளிர்விக்கத் தோலுக்குக் கூடுதல் குருதியை அனுப்ப வேண்டியிருக்கிறது. வியர்வையால் குருதியின் நீரளவும் குறைகிறது. அதே வேலையைச் செய்ய இதயம் கூடுதல் தடவை துடிக்கிறது. செயலி காட்டும் உடற்தகுதி மதிப்பெண், துடிப்பையும் வேகத்தையும் ஒப்பிட்டுக் கணிக்கப்படுவதால், முதற்கோடையில் மாதத்துக்கு மாதம் இறங்கிக்கொண்டே வந்தது. எனக்கு ஏதோ நோய் முற்றுகிறது என்று உண்மையாகவே அஞ்சினேன், மனைவியிடம் சொல்லாமல் இரண்டு கிழமை மனத்துக்குள் வைத்திருந்தேன். மாரி தொடங்கியதும் அது தானாக ஏறியது.

2023 கோடையில் அந்த இறக்கம் ஏற்படவில்லை. அதற்கும் மகிழ இடமில்லை. அந்த ஆண்டு மே மாதத்தில் வைத்தியர் பிசோபுரோலோல் என்ற மாத்திரையைத் தொடங்கியிருந்தார். அது பீற்றாத் தடுப்பு வகையைச் சேர்ந்தது, இதயத் துடிப்பைக் குறைக்கும். சில கிழமைகளில் என் ஓய்வுநிலைத் துடிப்பு 76இலிருந்து 64க்கு வந்தது. செயலி எனக்குப் பாராட்டுச் செய்தி அனுப்பியது. குறைந்த துடிப்பில் அதே வேகம் என்றால் உடல் வலுப்பெற்றிருக்கிறது என்று கணக்கிடும் சூத்திரத்துக்கு நான் விழுங்கும் மாத்திரை தெரியாது. உச்சத் துடிப்பை 220இலிருந்து வயதைக் கழித்து மதிப்பிட்டு, அதை வைத்து வகுக்கப்படும் 'கொழுப்பு எரியும் வலயம்' போன்ற நிறப் பட்டைகளும் அன்றோடு எனக்குப் பயனற்றவையாகின. அந்தச் சூத்திரம் முன்னரும் ஒரு சராசரிதான்; 2001இல் வெளியான 208 கழித்தல் வயதின் 0.7 மடங்கு என்ற கணக்கின்படி எனக்கு 166க்குப் பதிலாக 170 வரும், தனி மனிதர்கள் இரண்டிலிருந்தும் பத்துக்கு மேலேயே விலகியிருக்கலாம். இப்போது நடையின் கடுமையை, பேசிக்கொண்டு நடக்க முடிகிறதா என்பதை வைத்தே அளக்கிறேன். இத்தகைய மருந்து எடுப்பவர்கள் எவரும் கைப்பட்டி சொல்லும் வலயத்தை எட்டுவதற்காகத் தங்களை வருத்திக்கொள்ள வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். எவ்வளவு உழைக்கலாம் என்பதை மருந்தை எழுதித் தந்தவரிடமே கேளுங்கள்.

நித்திரைப் பதிவில் எனக்கு ஆகக் குறைந்த நம்பிக்கை உண்டு. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை நீண்டது. மின்விசிறி நின்ற இரவுகளில், மற்றவர்களை எழுப்பிவிடக் கூடாதென்று, அசையாமல் கண் திறந்து படுத்திருப்பேன். காலையில் கருவி 6 மணித்தியாலம் 50 நிமிடம் நித்திரை என்று எழுதியிருக்கும். “இரவு முழுக்க விசிறிக்கொண்டு இருந்தது நான், நீங்கள் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தீர்கள், இது என்ன ஏழு மணித்தியாலம் என்குது?” என்று மனைவி கேட்டார். நித்திரையின் கட்டங்களை முறையாகப் பிரிப்பதற்கு ஆய்வுகூடத்தில் மூளையின் மின்னலைகளையும் கண்ணசைவையும் பதிவு செய்கிறார்கள். மணிக்கட்டில் இருப்பது அசைவும் துடிப்பும் மட்டுமே. அசைவின்றி விழித்திருப்பவனை அது நித்திரை கொள்பவனாகவே எடுத்துக்கொள்ளும். படுத்த நேரமும் எழுந்த நேரமும் மட்டும் பயன் தருகின்றன: நான் நினைத்திருந்ததைவிட ஏறத்தாழ 40 நிமிடம் பிந்திப் படுப்பவன் என்பதை அவையே எனக்குக் காட்டின.

நீண்டகாலம் பயன்படுத்தாமல் அறிய முடியாத இன்னொரு குறை உண்டு. 2024இன் நடுப்பகுதியில் ஒரு மென்பொருள் இற்றைப்படுத்தலுக்குப் பிறகு, என் ஆழ்நித்திரைச் சராசரி 1 மணித்தியாலம் 35 நிமிடத்திலிருந்து ஒரே இரவில் 55 நிமிடமானது. அதன் பின் அங்கேயே நின்றுவிட்டது. என் நித்திரை மாறவில்லை, கணிக்கும் முறை மாறியது. அதைப் பற்றி ஒரு வரிகூடச் செயலியில் அறிவிக்கப்படவில்லை. கணக்கியலில் தேய்மானம் கணிக்கும் முறையை மாற்றினால் அந்த மாற்றத்தையும் அதன் விளைவையும் குறிப்பாக வெளிப்படுத்த வேண்டும். ஒருவரின் உடலைப் பற்றிய பதிவுக்கு அந்த அளவு நேர்மையாவது வேண்டாமா? அன்றிலிருந்து ஒவ்வொரு இற்றைப்படுத்தலின் திகதியையும் எழுதி வைக்கிறேன். அந்த ஆண்டு ஒக்டோபரில், வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து மின்னேற்றும் முனைகளை அரித்துவிட்டதால், வேறு கருவி வாங்க நேர்ந்தது. பழையது முற்றாகச் செயலிழப்பதற்கு முன், இரண்டையும் 14 நாட்கள் சேர்த்தே அணிந்து, நடுவில் கை மாற்றியும் பார்த்தேன். புதியது ஏறத்தாழ ஏழு வீதம் கூடுதலாகக் காலடிகளை எண்ணியது. அந்த இரண்டு கிழமைப் பதிவு இல்லாதிருந்தால், நவம்பரில் கூடுதலாக நடந்தேன் என்றே நம்பியிருப்பேன்.

கலோரிக் கணக்கைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. 2017இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தினர் ஏழு கருவிகளை 60 பேரிடம் சோதித்தபோது, ஆறு கருவிகள் துடிப்பை ஐந்து வீதத்துக்கும் குறைந்த பிழையோடு அளந்தன. எரிசக்திச் செலவிலோ மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 வீதம் பிழைத்தது. கருவிகள் அதன்பின் மேம்பட்டிருக்கலாம். ஆனாலும் அந்த இலக்கத்தைப் பார்த்து இரவுச் சாப்பாட்டைக் கூட்டிக் குறைப்பதை நான் விட்டுவிட்டேன். ஒட்சிசன் அளவும் அப்படியே: கை உடம்புக்கடியில் அகப்பட்ட ஓர் இரவில் 87 காட்டியது, உடனே எழுந்து விரல்நுனிக் கருவியில் பார்த்தபோது 98 இருந்தது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயன்பட்டது கைப்பட்டிக்குப் பக்கத்தில் வைத்த 80 பக்கக் கொப்பிதான். நாளுக்கு ஒரு வரி: காலை ஓய்வுநிலைத் துடிப்பு, மேற்கைப் பட்டிக் கருவியில் எடுத்த குருதியமுக்கம், அன்று நடந்த வழக்கமற்ற ஏதாவது ஒன்று. 2023 டிசம்பரில் ஒரு காலை 64 என்பது 73 ஆனது; மாலையில் காய்ச்சல் வந்தது. அதன்பிறகு அந்த ஏற்றத்தை நோயின் முன்னறிவிப்பாகவே நம்பத் தொடங்கினேன். ஆனால் 2024 ஏப்ரிலில் மறுபடியும் 73 வந்தபோது எந்த நோயும் வரவில்லை. கொப்பியில் அதற்கு முந்தின நாளின் வரியில் “யாழ்ப்பாணம், கலியாணவீடு, இரவுப் பயணம், நித்திரையில்லை” என்று இருந்தது. இலக்கம் ஒன்று, காரணங்கள் இரண்டு. கருவியிடம் இலக்கம் மட்டுமே இருக்கிறது.

கிளினிக்குக்கு முதலில் செயலியின் வரைபடங்களைக் கொண்டுபோனபோது வைத்தியர் அவற்றைத் தள்ளிவிட்டு, “வீட்டில் பிரஷர் எழுதுகிறீர்களா?” என்று மட்டும் கேட்டார். அது எனக்கு வருத்தமாக இருந்தது. இப்போது கொப்பியிலிருந்து ஒரே தாளில் கிழமைச் சராசரிகளை எழுதி, மருந்து மாறிய நாளையும் காய்ச்சல் வந்த நாளையும் கோடிட்டுக் கொடுக்கிறேன். கடந்த தடவை அந்தத் தாளை இரண்டு நிமிடம் வாசித்து, மாத்திரையின் அளவைக் குறைத்தார். அது நடந்து ஆறு கிழமை ஆகிறது. ஓய்வுநிலைத் துடிப்பு 64இலிருந்து 68க்கு வந்து நிற்கிறது. அதில் எவ்வளவு மருந்துக் குறைப்பால், எவ்வளவு கச்சான் வெக்கையால் என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. மாரி தொடங்கி வெக்கை தணிந்த பிறகு, ஜனவரியில் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன்.